பெற்றோர் கையெழுத்து: விளம்பரக் குழந்தையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிற பெண் ஒருவர் கையில் ஒரு கவரோடு வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய ஆறு வயது மகள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம்."

நான்கு பக்க ஒப்பந்தம். ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்துக்கு மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏஜென்சி. குழந்தையை விதவிதமாகப் படம் எடுத்து ஆல்பம் தயாரிக்க 12,000 ரூபாயை அம்மாதான் கட்ட வேண்டும். விளம்பரத்துக்குச் சம்பளம் 3,000 ரூபாய். 'அடுத்தடுத்து வாய்ப்பு வரும், போட்ட காசை எடுத்துடலாம்' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளில் அது எங்கேயும் இல்லை.

நான் பல வருஷம் பிழைதிருத்துபவனாக வேலை பார்த்தவன். அடுத்தவர் எழுதிய வாக்கியங்களைக் காற்புள்ளி காற்புள்ளியாகப் படிப்பதுதான் பிழைப்பு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பதினோரு வரி ஓடியது. சுருக்கமாகச் சொன்னால் இது: குழந்தையின் முகம், பெயர், குரல் ஆகியவற்றை இன்றுள்ள, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரம்பு இல்லாமல், எந்த மாற்றமும் செய்து, யாருக்கும் கைமாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைப் பெற்றோர் வழங்குகிறார். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'தாய் / தந்தை / காப்பாளர்'.

"எவ்வளவு நாளைக்குன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"எப்பவுமேன்னு போட்டிருக்கும்மா."

"எப்பவுமேன்னா? அவ கல்யாணம் ஆகிப் போனப்புறமுமா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. குழந்தையின் முகத்தைக் காலமெல்லாம் கைமாற்றிக்கொள்ளும் அதிகாரம் ஒரு தாயின் கையெழுத்துக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கையெழுத்து குழந்தையைக் காப்பாற்றுகிறதா, கட்டிப்போடுகிறதா? அன்றைக்கு ராத்திரி தொடங்கி நான் தேடிப் படித்தவற்றிலிருந்து எழுதுவதே இந்தக் குறிப்புகள். 'குழந்தை உழைப்பு' என்றதும் பட்டாசையும் பீடியையும் கரும்புத் தோட்டத்தையும் நினைத்துக்கொள்கிற நாம், தெருமுனை ஃபிளெக்சில் பட்டுப்பாவாடை கட்டிச் சிரிக்கிற குழந்தையை உழைப்பாளியாகப் பார்த்துப் பழகவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2

விளம்பரக் குழந்தையின் கதையை ஓர் ஓவியத்திலிருந்து தொடங்கலாம். 1886இல் ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே, சோப்புக் குமிழி ஊதும் தன் பேரனை வரைந்து காட்சிக்கு வைத்தார். 'ஒரு குழந்தையின் உலகம்' என்பது போன்றதொரு தலைப்பு. படத்தைப் பத்திரிகை முதலாளி ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து பியர்ஸ் சோப்புக் கம்பெனி உரிமையோடு வாங்கிக்கொண்டது. படத்தின் அடியில் ஒரு சோப்புக்கட்டி சேர்க்கப்பட்டது. ஓவியம் விளம்பரமானது. உரிமை கைமாறிவிட்டதால் மில்லேயால் தடுக்க முடியவில்லை. பேரன் வளர்ந்து பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் ஆனார். ஆனாலும் 'பபிள்ஸ்' என்ற பட்டப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. இந்தப் பரிமாற்றத்தில் ஓவியர், முதலாளி, கம்பெனி என்று மூன்று தரப்புகள் இருந்தன. முகத்துக்கு உரியவன் எந்தத் தரப்பிலும் இல்லை.

ஓவியனுக்கு மாதிரி வேண்டும், நேரம் வேண்டும். புகைப்படத்துக்கு அதுகூடத் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர் நகரில் அபிகெய்ல் ராபர்சன் என்ற மைனர் பெண், மாவு விளம்பரத் தாள் ஒன்றில் தன் முகத்தைப் பார்த்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சுமார் 25,000 தாள்கள் அச்சாகிக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டப்பட்டிருந்தன. தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு பேசியதில் மனம் நொந்து படுத்த படுக்கையாகி வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று என்று அவள் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1902இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. தன் முகத்தின்மீது ஒருவருக்கு உரிமை உண்டு என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மக்களிடம் கோபம் எழுந்தது. பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே, 1903இல், மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்த அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

என் தெருப் பெண்மணி கொண்டுவந்த தாளில் இருந்த கோட்டின் பழைய வடிவம் இதுதான். அது பிறந்தபோது பாதுகாப்பாகவே பிறந்தது. முகம் தெரியாத வியாபாரிக்கும் குழந்தைக்கும் நடுவில் அம்மாவோ அப்பாவோ ஒரு சுவர் போல நிற்பார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. சுவரே வாசலானால் என்ன செய்வது என்று 1903இல் யாரும் யோசிக்கவில்லை.

3

எழுபது வருஷம் கழித்து, அதே நியூயார்க்கில் அந்தக் கேள்வி வந்து நின்றது. பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகையான ப்ரூக் ஷீல்ட்ஸ் அப்போது குழந்தை மாடல். 1975இல், பத்து வயதில், கேரி கிராஸ் என்ற புகைப்படக்காரர் அவரைப் படம் எடுத்தார். அந்த வயதுக் குழந்தையை எடுக்கவே கூடாத விதத்திலான படங்கள் அவை. பிளேபாய் நிறுவனத்தின் பதிப்பகத்துக்காக எடுத்தவை. கூலி 450 டாலர். வரம்பற்ற உரிமையை வழங்கும் சம்மதத் தாளில் தாய் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தப் படங்கள் வேறு வேறு இடங்களில் வெளிவருவதைப் பின்னால் அறிந்த ஷீல்ட்ஸ், 1981இல் அவற்றை நிறுத்தக் கோரி வழக்குப் போட்டார். மைனராக இருக்கும்போது செய்யப்பட்ட ஒப்பந்தத்தை மைனர் மறுக்கலாம் என்ற பழைய சட்ட மரபு ஒன்று உண்டு. அதையே அவர் தரப்பு வாதமாக வைத்தது. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1903ஆம் வருஷத்துச் சட்டம் பெற்றோரின் சம்மதம் போதும் என்கிறது; பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்; எனவே குழந்தையால் அதை மறுக்க முடியாது. ஆபாச இதழ்களில் பயன்படுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் விதித்த தடை மட்டும் மிஞ்சியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியும் இருந்தார். குழந்தையின் நலனா, வியாபாரத்தின் உறுதிப்பாடா என்று வந்தால் எது முதலில் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

ஒரு பெண் குழந்தையின் அவமானத்திலிருந்து பிறந்த சட்டம் எண்பது வருஷத்தில் இன்னொரு பெண் குழந்தையின் வாயை அடைத்தது. சட்டத்தின் வாசகம் ஓர் எழுத்துகூட மாற வேண்டியிருக்கவில்லை. நாம் அதிகாரம் பற்றிப் பேசும்போது தடியையும் சிறையையும் பேசுகிறோம். சம்மதம் என்ற மென்மையான சொல் வழியாக அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பிரதி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாயை வில்லியாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால், பெற்றோரின் நலனும் குழந்தையின் நலனும் எப்போதும் ஒன்றே என்ற சட்டக் கற்பனைதான் இங்கே கவனிக்க வேண்டியது. குழந்தை சம்பாதிக்கத் தொடங்குகிற அந்த நிமிஷத்தில் இந்தக் கற்பனையில் விரிசல் விழுகிறது.

விரிசல் பணத்தில் முதலில் தெரிந்தது. 1921இல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், குழந்தைப் பருவத்தில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவர். 21 வயது நிறைந்து கணக்குக் கேட்டபோது அவர் கைக்கு எதுவும் வரவில்லை. குழந்தையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே என்றிருந்தது அன்றைய கலிபோர்னியச் சட்டம். 1938இல் தாய்மீதும் மாற்றாந் தந்தைமீதும் வழக்குப் போட்டார். கடைசியில் தேறியது சுமார் 1,26,000 டாலர். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் வந்த சட்டத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. குழந்தையின் சம்பாத்தியம் குழந்தையின் சொத்தே, அதில் 15 சதவீதம் தனிக் கணக்கில் போயே ஆக வேண்டும் என்று உறுதியாக எழுத 2000ஆம் ஆண்டுவரை ஆனது. நியூயார்க்கில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாடல்கள், நடிக்கும் குழந்தைகளுக்கு உள்ள அதே பாதுகாப்புக்குள் வந்தது 2013இல்தான். அதுவரை, நடித்தால் கலைஞர். உடையைப் போட்டுக்கொண்டு நின்றால் ஒன்றுமில்லை.

4

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கதையும் கையெழுத்திலிருந்தே தொடங்குகிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். மைனரின் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்து வழக்கு ஒன்றில் தீர்த்துச் சொன்னது. நியூயார்க்கில் பெற்றோரின் சம்மதத்தைச் சட்டமாக்கிய அதே வருஷம்.

ஆனால் குழந்தைகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். நம் மேடையிலேயே இருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை டி.கே.எஸ். சகோதரர்களின் வரலாற்றோடு சேர்த்துப் படித்திருக்கிறோம். பாய்ஸ் கம்பெனிகள் என்ற அந்த அமைப்பை நாம் கலையின் நாற்றங்காலாகவே கொண்டாடி வந்திருக்கிறோம். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அங்கிருந்து வந்தவர்கள். கொண்டாட்டத்தில் தப்பு இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போகும் கம்பெனி வீட்டில் தங்கி, ராத்திரி முழுக்கக் கண்விழித்து நடித்த பையன்களின் உழைப்பு வரலாறு நம்மிடம் எழுதப்படவில்லை. தனக்குத் தாய் தகப்பன் இல்லை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்ததாகச் சிவாஜி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாம் அதை ஒரு மகா கலைஞனின் பிடிவாதமாக ரசிக்கிறோம். கேட்க நாதியில்லாத பையன் என்றாலும் கம்பெனி சேர்த்துக்கொண்டது என்ற இன்னொரு செய்தியும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

1929இல் அமைக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன், அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளிலும் சென்னை மாகாண பீடிக் கம்பெனிகளிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு பெற்றோரே பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைப் பதிவு செய்தது. தொடர்ந்து 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிரான சட்டம் வந்தது. 15 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உழைப்பைப் பணத்துக்கோ வேறு ஆதாயத்துக்கோ ஈடு வைத்துப் பெற்றோர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று இந்த மண்ணில் வந்த ஆரம்பச் சட்டங்களில் ஒன்று இது. அதில் விதிவிலக்கும் இருந்தது. குழந்தைக்குக் கேடில்லாமல், நியாயமான கூலியைத் தவிர வேறு ஆதாயம் இல்லாமல், ஒரு வார நோட்டீசில் முறித்துக்கொள்ளத் தக்கதாக இருந்தால் அந்த ஒப்பந்தம் இந்தத் தடைக்குள் வராது. ஒரு வாரத்தில் முறித்துக்கொள்ளலாம் என்ற 1933இன் அளவுகோலை, 'காலவரம்பு இல்லாமல்' என்று எழுதிய இன்றைய தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழக்கு, சட்டக் கல்லூரிப் பாடப் புத்தகங்களில் வருவது. ராஜ் ராணி என்ற மைனர் பெண்ணைத் தன் படத்தில் நடிக்க வைப்பதாகப் பட அதிபர் பிரேம் அதீப் அவளுடைய தந்தையோடு ஒப்பந்தம் செய்திருந்தார். பிறகு அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு வழக்கு. 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பெண்ணின் ஒப்பந்தமாகக் கொண்டால் அவள் மைனர், செல்லாது. தந்தையின் ஒப்பந்தமாகக் கொண்டால், வேலை செய்யப்போவது மகள்; மைனர் மகளின் வாக்குறுதி அவர் ஒப்பந்தத்துக்கு ஈடாகாது, அதுவும் செல்லாது.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடும் சட்டமும் வேறு வேறு, தெரியும். ஆனாலும் குழந்தை நின்ற இடம் ஒன்றாகவே இருக்கிறது. பணம் கேட்டுப் போன பம்பாய்ப் பெண்ணுக்குத் தகப்பனின் கையெழுத்து உதவவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லிப் போன நியூயார்க் பெண்ணைத் தாயின் கையெழுத்து விடவில்லை.

5

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். காலண்டர் சீசனில் மிஷின் நிற்காது. கொழுகொழுவென்று குழந்தைகள்: வெண்ணெய்க் குடத்தோடு, பொம்மையோடு, கன்னத்தில் கைவைத்தபடி. புரூஃப் பார்க்கிற எனக்குத் தேதியும் நல்லநேரமும்தான் கணக்கு, படம் என் வேலையில்லை. விடிவதற்கு முன்னால் கம்பெனிப் பஸ் ஹாரன் அடிக்கும். சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி வேலைக்கு வரும் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் இறங்குவார்கள். கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட. லேபிளில் சில சமயம் ஒரு குழந்தையின் முகம் இருக்கும். அதை ஒட்டுவதும் ஒரு குழந்தையின் விரல்.

அந்த இரண்டு குழந்தைகளையும் அன்றைக்கு நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவை பின்னால் படித்த புத்தகங்கள். பிலிப் ஏரியே 1960இல், குழந்தைப் பருவம் என்ற கருத்தே வரலாற்றில் உருவானது என்று காட்டினார். விவியானா செலைசர் 1985இல் எழுதிய நூலில், 1870க்கும் 1930க்கும் இடையில் அமெரிக்கக் குழந்தை பொருளாதார ரீதியில் பயனற்றதாகவும் உணர்ச்சி ரீதியில் விலைமதிப்பற்றதாகவும் மாறியதை விவரிக்கிறார். ஆலையிலிருந்து குழந்தைகளை வெளியேற்றப் போராடிய அதே காலத்தில், மேடைக் குழந்தைக்கு மட்டும் விலக்குக் கேட்டவர்கள் வலுவாக இருந்தார்கள். காரணம், உழைக்காத, கள்ளங்கபடமற்ற குழந்தை என்ற புதிய பிம்பத்தை நடித்துக் காட்டுவதே அந்தக் குழந்தையின் வேலையாக இருந்தது. உழைக்காத குழந்தையாகத் தோன்றுவதற்காக ஒரு குழந்தை கூலிக்கு உழைக்கிறது!

நம் சட்டத்தின் பயணமும் இதே தடத்தில்தான். 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடை செய்தது. சிவகாசி நிலைமையை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016இல் வந்த திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலைகளையும் தடை செய்தது. விட்டுவைத்தது இரண்டை: பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது, விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர் முதலியவற்றில் கலைஞராக இருப்பது. சர்க்கஸ் மட்டும் கூடாது. இரண்டு விலக்குகளிலும் பொதுவாக இருப்பது பெற்றோர். அவர்கள் இருக்கிற இடத்தில் உழைப்பு 'உதவி' ஆகிறது, 'திறமை' ஆகிறது.

6

'அப்ப விளம்பரமே வேண்டாங்கிறீங்களா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். அன்றைக்கு அந்தப் பெண்மணியிடம் நான் முதலில் சொன்னதும் அதுதான். "வேண்டாம்மா, விட்டுரு."

அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "டிவியில பாட்டுப் போட்டிக்கு வர்ற பிள்ளைகளோட அம்மா அப்பாகிட்ட இப்படிச் சொல்வீங்களாண்ணே? என் பிள்ளை மூஞ்சி நல்லா இருக்குன்னு முத முதல்ல ஒருத்தன் சொல்றான். அது ஆசையா இருக்கு. நான் ஒரு பிளவுஸ் தைச்சா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும்."

பதில் சொல்ல முடியவில்லை. ஏழை வீட்டுக் குழந்தையை மட்டும் காமிராவிலிருந்து காப்பாற்றுகிற நம் அக்கறையில் கொஞ்சம் திமிர் ஒட்டியிருக்கிறது. தடை விதிப்பவனாக இல்லாமல், கூட உட்கார்ந்து தாளைப் படிப்பவனாக இருப்பதே என்னால் ஆகக்கூடியது என்று பட்டது. படிக்கும்போது கையில் வைத்துக்கொள்ள நம்மிடம் சட்டம் இருக்கிறது. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

2017இல் வந்த மத்திய அரசின் விதிகள்படி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு அறுபடக் கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், குழந்தையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் பிக்சட் டெபாசிட்டாகப் போக வேண்டும். கடைசியாக, குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எதிலும் அதை ஈடுபடுத்தக் கூடாது.

இந்தக் கடைசி விதியை இரண்டு தடவை படித்தேன். குழந்தையின் சம்மதம்! 1872இலிருந்து 'தகுதியற்றவர்' என்றே சொல்லிக்கொண்டிருந்த சட்டம், குழந்தையைப் பார்த்து 'உனக்கு இஷ்டமா?' என்று கேட்கச் சொல்கிறது. இதை எப்படிக் கேட்பது, யார் கேட்பது என்று விதி சொல்லவில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

சில இடங்களில் யார் கையெழுத்தும் செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஆபாசப் படத்துக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அங்கே பெற்றோரின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவற்றை வைத்துக்கொண்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான்; ஆல்பத்துக்குக் காசு கட்டாதே. கலெக்டர் அனுமதித் தாளின் நகலைக் கேள். படப்பிடிப்பில் குழந்தை உன் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். உடை மாற்றுகிற இடத்திலும் நீதான் இருக்க வேண்டும். 'அம்மா வெளியே இருங்க' என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. என்ன உடை என்று முன்னாலேயே பார். எந்தப் படம், எந்த விளம்பரத்துக்கு, எத்தனை மாதத்துக்கு என்று எழுதச் சொல். 'கைமாற்றலாம்', 'மாற்றம் செய்யலாம்', 'இனி வரும் ஊடகம்' என்கிற சொற்களை அடிக்கச் சொல். முகத்தை எடுத்து இயந்திரத்தைக் கொண்டு புதுப் படமே செய்துவிடுகிற காலம் இது. பள்ளியின் பெயரும் வீட்டு விலாசமும் படத்தோடு போகக் கூடாது. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உன்னிடம் இருக்க வேண்டும். பிள்ளை போதும் என்றால் போதும்.

வெளிநாடுகளில் இதை இன்னும் ஒரு படி கொண்டு போயிருக்கிறார்கள். இன்றைக்குப் பெற்றோரே கையில் போனை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார்கள்; வீட்டு நடுக்கூடமே ஸ்டுடியோ. பிரான்ஸ் 2020 அக்டோபரில் கொண்டுவந்த சட்டம், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வைத்து வீடியோ போட்டுச் சம்பாதிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தன் படத்தை நீக்கச் சொல்லிக் குழந்தையே கேட்கலாம், பெற்றோரின் சம்மதம் தேவையில்லை என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், குடும்ப வீடியோக்களில் வரும் குழந்தைக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கியாக வேண்டும். 1903இல் பெற்றோரிடம் கொடுத்த பேனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் கைக்கு மாற்றும் முயற்சி என்று இதைப் படிக்கலாம்.

7

மறுநாள் அவர் ஏஜென்சிக்குப் போனார். ஆல்பக் காசைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னார்களாம். ஆட்சியர் அனுமதி பற்றிக் கேட்டதும், 'அதெல்லாம் சினிமாவுக்கும்மா' என்றிருக்கிறார்கள். 'எப்பவுமே' என்ற சொல்லை அடிக்க முடியாது, வரிசையில் பத்துப் பிள்ளைகள் நிற்கிறது என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது வெற்றி இல்லை. நானும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஃபிளெக்சில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் பாவாடை. மூன்று குழந்தைகளில் நடுவில் நின்று சிரிக்கிறாள்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "முதல் நாள் டெஸ்ட்டுன்னு கூப்பிட்டு எடுத்தாங்களே, அதுண்ணே."

"அன்னைக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டியாம்மா?"

யோசித்தார். "உள்ள போறப்ப வாசல்ல ஒரு நோட்டு இருந்துச்சு. வந்த நேரம், போன் நம்பர் எழுதச் சொன்னாங்க. அதுல போட்டேன். மேல ஏதோ இங்கிலீஷ்ல அடிச்சு ஒட்டியிருந்தாங்க."

நான்கு பக்கத்தையும் வரி வரியாகப் படித்த நான், 'இதுக்கு முன்னால வேற எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?' என்று அன்றைக்கே கேட்கவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் நண்பர்கள் யாரிடமாவது இப்படி ஒரு தாய் வந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.

கடைக்கு ஒரு கடிதம், ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல் எழுதினோம். குழந்தையின் படத்தை அனுமதி இல்லாமல், கூலி கொடுக்காமல் பயன்படுத்தியிருப்பது பற்றி, 2017ஆம் வருஷத்து விதிகளைக் குறிப்பிட்டு. அம்மா கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், "நானும் போடுறேன்" என்றாள்.

"உனக்கு அது எடுக்கணுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டேன். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"எடுக்கணும். ஸ்கூல்ல மஞ்சப் பாவாடைன்னு கூப்பிடுறாங்க."

பேனாவை வாங்கி, அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. பிழைதிருத்துபவன் என்றாலும் நான் அதைத் திருத்தவில்லை. சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கு மதிப்புக் கிடையாது என்று எனக்குத் தெரியும். அப்படியே மடித்துக் கவரில் போட்டோம். தீபாவளிக்குப் பத்து நாள் கழித்து ஃபிளெக்சை இறக்கினார்கள். கடிதத்தாலா, தீபாவளி முடிந்ததாலா என்று சொல்ல முடியாது.